டெங்கிக் காய்ச்சலும் எலும்பு மஜ்ஜையும்: தட்டணுக்கள் ஏன் குறைகின்றன?

சிங்கப்பூரில் டெங்கி ஆண்டு முழுவதும் பரவக்கூடிய நோய். 2020ஆம் ஆண்டில் 35,000க்கும் அதிகமானோருக்கும் 2022ஆம் ஆண்டில் 32,000க்கும் அதிகமானோருக்கும் டெங்கி ஏற்பட்டது. வீட்டில் ஒருவருக்கு டெங்கி என்று உறுதியானதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். அந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைவதைப் பார்க்கும்போது குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பே.

பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டணுக்கள் எங்கே உருவாகின்றன, டெங்கியின்போது அவை ஏன் குறைகின்றன, எப்போது மீண்டும் கூடுகின்றன என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது. அந்த எண்ணைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய அறிகுறிகள் சில உள்ளன. அவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எலும்பு மஜ்ஜை என்ன செய்கிறது?

நம் இரத்த அணுக்கள் எலும்புகளின் உள்ளே இருக்கும் மென்மையான மஜ்ஜையில் உருவாகின்றன. பெரியவர்களுக்கு இந்த வேலை இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள், முதுகெலும்பு ஆகியவற்றில் அதிகம் நடக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பில்லியன் சிவப்பணுக்களையும் 100 பில்லியன் தட்டணுக்களையும் உற்பத்தி செய்கிறது. வெள்ளை அணுக்களும் இங்கேயே உருவாகின்றன.

ஓய்வின்றி உற்பத்தி நடப்பதற்குக் காரணம், இரத்த அணுக்களின் ஆயுள் குறைவு என்பதே. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தட்டணு 7 முதல் 10 நாள் வாழும். கிருமிகளை எதிர்க்கும் சிலவகை வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் ஒரு நாள்கூட நீடிப்பதில்லை.

இவை எல்லாம் குருத்தணு என்னும் மூல அணுவிலிருந்து பிறக்கின்றன. குருத்தணுவை நாற்றங்காலில் இருக்கும் விதையாக நினைத்துக்கொள்ளுங்கள். விதை நன்றாக இருந்தால் மட்டும் பயிர் வளர்ந்துவிடாது. மண்ணும் நீரும் சரியாக அமைய வேண்டும். மஜ்ஜையிலும் அப்படியே. குருத்தணுக்களைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள், நரம்புகள், கொழுப்பணுக்கள், தாங்கி நிற்கும் துணை அணுக்கள் ஆகியவை உள்ளன. எந்தக் குருத்தணு ஓய்வில் இருக்க வேண்டும், எது பெருக வேண்டும், எந்த வகை இரத்த அணுவாக மாற வேண்டும் என்பதை இந்தச் சூழலிலிருந்து வரும் இரசாயனச் செய்திகள் பெரிதும் முடிவு செய்கின்றன.

காய்ச்சல் வரும்போது இந்தச் சூழல் மாறுகிறது.

ஒரே மஜ்ஜை, வெவ்வேறு உத்தரவுகள்

உடலில் கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க உடல் காட்டும் பதில்வினைக்கு அழற்சி என்று பெயர். காய்ச்சல், வலி, வீக்கம், சோர்வு ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். அழற்சியின்போது இரத்தத்தில் கலக்கும் செய்திப் பொருள்கள் மஜ்ஜையையும் சென்றடைகின்றன.

நுரையீரல் அழற்சி அல்லது சீழ்க்கட்டி போன்ற பாக்டீரியா தொற்றின்போது, "வெள்ளை அணுக்கள் அதிகம் தேவை" என்ற உத்தரவு போகிறது. மஜ்ஜை உற்பத்தியைக் கூட்டுகிறது, சேமிப்பில் உள்ள வெள்ளை அணுக்களையும் விரைவாக வெளியே அனுப்புகிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும்.

டெங்கியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களிலேயே வெள்ளை அணுக்கள் குறைகின்றன, அதன்பிறகு தட்டணுக்களும் குறைகின்றன. கடும் காய்ச்சலோடு வரும் ஒருவருக்கு மருத்துவர் முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். என்எஸ்1 எனப்படும் டெங்கிப் பரிசோதனையின் முடிவோடு இந்த எண்களையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

டெங்கியின்போது மஜ்ஜையில் நடப்பது

டெங்கிக் கிருமி மஜ்ஜையில் உள்ள சில அணுக்களையும் தாக்குகிறது. குருத்தணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களும், தட்டணுக்களை உருவாக்கும் மெகாகேரியோசைட் என்னும் பெரிய அணுக்களின் முன்னோடிகளும் இவற்றில் அடங்கும். கிருமியை அடக்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களும் அணுக்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கின்றன. மஜ்ஜையின் சூழல் மாறுவதால், சில நாள்களுக்கு உற்பத்தி தணிந்துவிடுகிறது.

1960களில் தாய்லாந்தில் டெங்கி நோயாளிகளின் மஜ்ஜை பரிசோதிக்கப்பட்டது. காய்ச்சலின் தொடக்க நாள்களில் மஜ்ஜையில் அணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பதும், காய்ச்சல் தணியும் கட்டத்தில் அவை மீண்டும் பெருகத் தொடங்குவதும் அப்போது தெரியவந்தன. வேகமாகப் பெருகும் அணுக்களைக் கிருமி எளிதில் தாக்கக்கூடும் என்பதால், உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைப்பது மஜ்ஜை தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தட்டணுக்கள் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் தட்டணுக்களும் இந்த நாள்களில் வழக்கத்தைவிட வேகமாக அழிகின்றன. வரவு குறைந்து செலவு கூடும்போது கையிருப்பு வேகமாகக் குறைவதைப் போன்றது இது.

ஆனால் பெரும்பாலோருக்கு இது தற்காலிக நிலையே. மஜ்ஜை மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். புதிய தட்டணுக்கள் உருவாகி இரத்தத்திற்கு வந்துசேரச் சில நாள்கள் ஆகும். அதனால் மஜ்ஜை தேறத் தொடங்கிய பிறகும் பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கை ஓரிரு நாள் குறைந்துகொண்டே போகலாம். எண்ணிக்கை மேலும் குறைந்திருப்பதை மட்டும் வைத்து, மஜ்ஜை செயலிழந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

அறிக்கையில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ள

• தட்டணுக்கள்: சிங்கப்பூரில் பரிசோதனை அறிக்கைகளில் பொதுவாக 150 முதல் 400 வரை என்பது வழக்கமான அளவாகக் குறிக்கப்படும். 80 என்று இருந்தால், ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 80,000 தட்டணுக்கள் என்று பொருள். தமிழகத்தில் உள்ள உறவினரிடம் தொலைபேசியில் "80" என்று மட்டும் சொன்னால் அவர் பதறக்கூடும். "80,000" என்று சொல்லுங்கள்.

• வெள்ளை அணுக்கள்: 4 முதல் 10 வரை வழக்கமான அளவு. டெங்கியின் தொடக்கத்தில் இது 4க்குக் கீழே போவது பொதுவாகக் காணப்படுவதே.

• இரத்தச் செறிவு: இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதை இது காட்டும். டெங்கியில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறினால் இரத்தம் கெட்டியாகி, இந்த அளவு உயரும். தட்டணுக்கள் வேகமாகக் குறையும் அதே நேரத்தில் இரத்தச் செறிவு உயர்வது எச்சரிக்கை அறிகுறி. மருத்துவர் தட்டணுக்களை மட்டும் பார்க்காமல் இதையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

ஒரு நாளின் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். எண்கள் எந்தத் திசையில் போகின்றன, நோயாளி எப்படி இருக்கிறார் என்ற இரண்டும் முக்கியம்.

தட்டணு ஏற்றினால் சரியாகிவிடாதா?

பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று நம் வட்டாரத்திலேயே நடத்தப்பட்டது.

2010 முதல் 2014 வரை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள ஐந்து மருத்துவமனைகளில் டெங்கி கண்ட 372 பெரியவர்கள் இந்த ஆய்வில் கலந்துகொண்டனர். டான் டோக் செங் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. கலந்துகொண்டவர்களுக்குத் தட்டணுக்கள் 20,000 அல்லது அதற்கும் குறைவாக இருந்தன. ஆனால் குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு இல்லை. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்போடு தட்டணுக்களும் ஏற்றப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும் அளிக்கப்பட்டது.

முடிவுகள் 2017ஆம் ஆண்டில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. தட்டணு ஏற்றப்பட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஏற்றப்படாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் இரத்தக்கசிவு ஏற்பட்டது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே என்பதால், தட்டணு ஏற்றியதால் பலன் கிடைத்தது என்று கூற முடியவில்லை. மாறாக, ஒவ்வாமை போன்ற பாதகமான விளைவுகள் தட்டணு ஏற்றப்பட்டவர்களில் 13 பேருக்கும் மற்றவர்களில் 2 பேருக்கும் ஏற்பட்டன.

வெளியிலிருந்து தட்டணுக்களை ஏற்றினாலும், மஜ்ஜையின் சூழல் சீராகும் வரையில் அந்தப் பலன் நிலைப்பதில்லை. ஏற்றப்பட்டவையும் உடலில் விரைவாக அழியக்கூடும். அதனால், இரத்தக்கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றப்படுவது வழக்கமில்லை. "அப்பாவுக்கு ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று நீங்கள் கவலைப்படலாம். அவரை யாரும் அலட்சியப்படுத்தவில்லை. கடும் இரத்தக்கசிவு ஏற்பட்டால் தட்டணுவோ இரத்தமோ ஏற்றுவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் பலர் கேட்கின்றனர். அது தட்டணு எண்ணிக்கையைச் சற்று விரைவாக உயர்த்தக்கூடும் என்று சில சிறிய ஆய்வுகள் கூறியுள்ளன. ஆனால் இரத்தக்கசிவையோ கடும் டெங்கியையோ அது தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிலருக்கு அது வாந்தியை உண்டாக்கலாம். கொடுத்திருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சாறு குடித்தாயிற்று என்ற நம்பிக்கையில் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையாலும் தட்டணுக்கள் உயர்வதில்லை. அது மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், குடலில் இரத்தம் கசிந்தால்கூட அது தெரியாமல் போகலாம்.

காய்ச்சல் தணியும் நாளில் கவனம் தேவை

டெங்கியில் காய்ச்சல் பொதுவாக 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் தணியும். "காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை" என்று நினைக்கும் அந்த நேரமே சிலருக்கு ஆபத்தானது. காய்ச்சல் தணிவதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியக்கூடும். தட்டணுக்கள் மிகக் குறைவாக இருப்பதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும், தட்டணு எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

• கடுமையான அல்லது விடாத வயிற்றுவலி
• தொடர்ந்து வாந்தி எடுத்தல்
• மூக்கிலோ ஈறுகளிலோ இரத்தம் கசிதல்
• இரத்த வாந்தி, கறுப்பு மலம், வழக்கத்தைவிட அதிகமான மாதவிடாய் இரத்தப்போக்கு
• மூச்சுத் திணறல்
• மிகுந்த சோர்வு, தூக்கக் கலக்கம், அமைதியின்மை, குழப்பம்
• கை கால் சில்லிட்டு வியர்த்தல், எழுந்து நின்றால் தலைசுற்றி மயக்கம் வருதல்
• ஆறு மணி நேரத்திற்கு மேலாகச் சிறுநீர் கழிக்காதிருத்தல்

நோயாளி மயங்கி விழுந்தால் அல்லது மூச்சுவிடச் சிரமப்பட்டால் 995 எண்ணை அழையுங்கள்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. முன்பு ஒருமுறை டெங்கி வந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானாலும் மற்ற வகைகள் தொற்றக்கூடும். இரண்டாம் முறை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• அடிக்கடி நீராகாரம் கொடுங்கள். தண்ணீர், கஞ்சி, இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புக் கரைசல் ஆகியவை ஏற்றவை. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு அருந்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். உறையில் குறிப்பிட்டுள்ள அளவை மீற வேண்டாம்.
• மருத்துவர் சொன்ன நாளில் மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் தவறவிடாதீர்கள்.
• நோயாளியின் மீது கொசுவிரட்டி பூசுங்கள். அவரைக் கடிக்கும் கொசு, நோயை வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பரப்பக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

• ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவை அதிகரிக்கலாம். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த மாத்திரைகளில் இந்தப் பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். ஐயமாக இருந்தால் மருந்தாளரிடம் காட்டுங்கள்.
• இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்துக்கொள்பவர்கள் தாமாக அதை நிறுத்த வேண்டாம். உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• தசையில் போடப்படும் ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டலாம்.
• வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த நாள்களில் அதை விட்டுவிடுவது நல்லது. ஈறுகளில் கசியும் இரத்தம் அந்தச் சிவப்பில் தெரியாமல் போகும்.

தங்கும் விடுதியில் வசிக்கும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பளம் குறையும் என்றோ மேற்பார்வையாளர் கோபிப்பார் என்றோ நினைத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். காய்ச்சல் கண்ட அன்றே உங்களுக்குரிய மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள். அறையில் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தால், மேலே உள்ள அறிகுறிகளை உடன் இருப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

நீண்டநாள் அழற்சியும் இரத்தசோகையும்

டெங்கியின் அழற்சி சில நாள்களில் அடங்கிவிடும். முடக்குவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய், காசநோய் போன்றவற்றில் அழற்சி மாதக்கணக்கில் நீடிக்கிறது. அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளை அதிகம் சுரக்கிறது. உடலில் இரும்புச்சத்து இருந்தாலும், அது சேமிப்பிலேயே அடைபட்டு மஜ்ஜைக்குப் போதிய அளவு கிடைக்காமல் போகிறது. சிவப்பணு உற்பத்தி குறைந்து இரத்தசோகை உண்டாகிறது.

இத்தகைய இரத்தசோகையில் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். அழற்சிக்குக் காரணமான நோயைக் கட்டுப்படுத்துவதே முதன்மையான சிகிச்சை. நீண்டகாலமாகச் சோர்வு இருந்தால், நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடாமல் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

குணமடைந்த பிறகு

பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்த சில நாள்களில் முதலில் வெள்ளை அணுக்களும் அதன்பின் தட்டணுக்களும் உயரத் தொடங்கும். பசி திரும்பும். உடலில் சிவந்த திட்டுகளும் அரிப்பும் தோன்றலாம், அவை தாமாகவே மறையும். சோர்வு மட்டும் சில வாரங்கள் நீடிக்கலாம். வழக்கமான உணவும் போதிய ஓய்வும் போதும். மீண்டும் காய்ச்சல் வந்தாலோ எண்ணிக்கை உயராமல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்களை இன்றே பாருங்கள்

ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான நீரில் முட்டையிடும். சிறிதளவு நீர் இருந்தாலே அதற்குப் போதும்.

• பூச்சாடியின் அடித்தட்டில் உள்ள நீரைக் கொட்டுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள்.
• வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், விளிம்புகளைத் துடையுங்கள்.
• மலர்ச்சாடியின் நீரை மாற்றுங்கள். பூசை அறையில் உள்ள செம்பு, கலசம், மலர் மிதக்கும் உருளி ஆகியவற்றின் நீரையும் மறக்காமல் மாற்றி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.
• துணி காயவைக்கும் கழிகளைச் செருகும் குழாய்களைப் பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள்.
• வெளியூர் செல்லும் முன் கழிவறைத் தொட்டியையும் தரை வடிகால்களையும் மூடிவிட்டுச் செல்லுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் டெங்கிக் குழுமம் உள்ளதா என்பதைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்திலும், புளோக்கின் கீழே வைக்கப்படும் எச்சரிக்கைப் பதாகைகளிலும் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் யாருக்காவது டெங்கி என்று உறுதியானால், அடுத்த மருத்துவச் சந்திப்பில் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்? இரத்தச் செறிவு உயர்ந்திருக்கிறதா? அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது? இரவில் எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்? பதில்களை எழுதி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.